மேடையேறப் போகும் கிடர்பூர்ப் பிள்ளைகளுக்கு

பாட்டுப் பாடிப் பெரிய ஆளாக வேண்டும் என்று என்னைத் தேடி வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, சினிமாவில் பாட யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான். அது எனக்குத் தெரியாது. ரயில்வே இன்ஸ்டிட்யூட், கல்யாண வீடு, துர்கா புஜோ பந்தல், மாவட்டத்து மாச்சா (ஊர்ப்புற மேடைக் கச்சேரி) என்று பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைந்து குடும்பம் நடத்தியவன் நான். பாட்டை நம்பி வயிறு வளர்க்க முடியுமா, எத்தனை வருஷம் முடியும் என்று கேட்டால் கொஞ்சம் சொல்லத் தெரியும்.

அதைச் சொல்ல நம் பேட்டையைச் சுற்றியே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் கிராமபோன் ரெக்கார்டில் பேர் வாங்கிய அந்தக் காலத்துப் பாடகி கௌஹர் ஜான். அவர் அம்மா மல்கா ஜான் 1883-ல் காசியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, இங்கே பக்கத்து மெட்டியாபுருஜில் நாடிழந்து குடியிருந்த நவாப் வாஜித் அலி ஷாவின் சபையில் பாடினார். மகள் அந்தச் சூழலில் வளர்ந்தவர். இன்னொருவர் பாப் பாடகி உஷா உதுப். ஊரே தீதி என்று கூப்பிடுகிற, நம்மைப் போலவே வங்காளத்துக்கு வந்து சேர்ந்த தமிழ் வீட்டுப் பெண். கிடர்பூரில் டிராம் ஏறி மைதானத்தைக் கடந்து எஸ்பிளனேடில் இறங்கினால், அவர் பேர் வாங்கிய பார்க் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அந்த டிராம் இப்போது இல்லை, பஸ்தான். நடுநடுவே தூரதேசத்துப் பாடகன் ஒருவனையும் இழுப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. குரலைத் திருத்தாதே, கட்டையைத் திருத்து.

தீதி 1947-ல் பம்பாயில் பிறந்தவர். அப்பா போலீஸ் அதிகாரி. பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பிலிருந்து அவரை விலக்கி வைத்தார்கள். குரல் கனமாக இருக்கிறதாம், மற்ற பெண்களோடு சேர்ந்து ஒலிக்கவில்லையாம். கையில் தாளம் போட ஏதோ ஒன்றைக் கொடுத்து ஓரமாக நிற்க வைத்தார்கள். அந்தக் காலத்தில் பெண் குரல் என்றால் லதா மங்கேஷ்கரின் குரல்தான் அளவுகோல். நாடு முழுக்கப் பெண்கள் மூக்கையும் தொண்டையையும் இறுக்கிக்கொண்டு அந்த உயரத்தை எட்டப் பார்த்தார்கள். எட்டியவர்கள் பேரெல்லாம் இன்றைக்கு யாருக்கும் நினைவில்லை.

தீதி ஏறவில்லை. பாட்டை இறக்கினார். நீங்களும் அதைச் செய்யுங்கள். பெண்கள் வழக்கமாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள் என்பதற்காக நீயும் அங்கே போய்த் தொங்க வேண்டாம். உனக்கு மூன்று கட்டைதான் சுகமாக வருகிறது என்றால் மூன்றில் பாடு. ‘ஒரிஜினல் ஸ்கேல்லதான் பழகியிருக்கேன்’ என்று கீபோர்டுக்காரன் முணுமுணுப்பான். டிரான்ஸ்போஸ் பட்டன் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேள். கிட்டார்க்காரன் கேபோ போட்டுக்கொள்வான். ஒரு நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே உன் கட்டையை எழுதி வை. மேடையில் அன்றைக்கு யார் வாசித்தாலும் அந்த நோட்டைக் காட்டினால் போதும்.

ஆண் பிள்ளைகளுக்கும் இதுதான். கிஷோர் குமார் மாதிரி, எஸ்.பி.பி. மாதிரி என்று பேர் எடுத்தவன் கல்யாண சீசனில் நாலு வருஷம் ஓடுவான். அப்புறம் அவனைவிட அச்சாகப் பாடுகிற இன்னொருவன் வந்துவிடுவான்.

2. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முன்னால் பாடக் கற்றுக்கொள்.

என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடுகிறது. அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

1969. மெட்ராஸ் மவுண்ட் ரோடில் சஃபையர் தியேட்டர் வளாகம். அதன் அடித்தளத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்று ஒரு நைட் கிளப். அங்கேதான் தீதியின் மேடை வாழ்க்கை தொடங்கியது. பட்டுப் புடவை, பூ, வளையல், பொட்டு என்று கோயிலுக்குப் போகிற மாதிரி ஒரு பெண் வந்து நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடினால், கையில் கிளாஸோடு உட்கார்ந்திருப்பவன் திரும்பிப் பார்க்கத்தான் செய்வான். ஆனால் புடவையைப் பார்த்துத் திரும்பியவனை அடுத்த பாட்டு வரைக்கும் உட்கார வைப்பது புடவையின் வேலை இல்லை.

அங்கிருந்து பம்பாயில் ‘டாக் ஆஃப் தி டவுன்’. அதே 1969-ல் நம் ஊர் பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ் ஓட்டல். அப்போதைய பார்க் ஸ்ட்ரீட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மொகாம்போவில் பாம் கிரெய்ன் பாடுவார். ப்ளூ ஃபாக்ஸில் பிற்பாடு லூயிஸ் பாங்க்ஸ் பியானோவில் உட்கார்ந்தார். லண்டன் போய் டிஸ்கோவில் உலகப் பேர் வாங்கிய பிட்டுவும் டிரிங்காஸ் மேடையில் நின்றவர்தான். ஆங்கிலோ இந்தியர்கள், கோவாக்காரர்கள், வடகிழக்குப் பிள்ளைகள். எல்லோருமே தேர்ந்த கை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே புடவை கட்டிய தமிழ்ப் பெண் ஒருத்தி நின்று ஜெயித்தார்.

எப்படி? எனக்குத் தெரிந்த வரையில் அவர் ஆட்களைப் பார்த்துப் பாடினார். கண்ணை மூடிக்கொண்டு ராகத்தில் கரைவது கச்சேரி மேடைக்குச் சரி. அங்கே கேட்பதற்கென்றே டிக்கெட் வாங்கி வந்திருக்கிறார்கள். ஓட்டலில் வந்தவன் கட்லெட் சாப்பிட வந்தவன். உன் பாட்டு அவனுக்கு உபரி. அவன் பேச்சை உன் பாட்டு நிறுத்த வேண்டும். அதுவும் அதட்டி நிறுத்தக் கூடாது, அவனுக்கே தெரியாமல் நிறுத்த வேண்டும். எந்த மேஜையில் பிறந்தநாள், எந்த மேஜையில் சண்டை, எந்த மேஜைக்காரன் ஊரிலிருந்து புதிதாக வந்தவன் என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஊர் விட்டு வந்தவனுக்கு அவன் பாஷையில் ஒரு வரி பாடினால் அவன் அடுத்த வாரம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். முதலாளி உன்னை நீக்க மாட்டார்.

பயிற்சிக்கு ஓட்டல் தேட வேண்டாம். கிடர்பூரில் வாரத்துக்கு ஒரு அன்னப்ராசனம், ஒரு வலீமா விருந்து, ஒரு சீமந்தம் நடக்காமல் இருக்கிறதா? அங்கே போய், பந்தி நடக்கும்போது பாடு. ஒரு ஆள் எச்சில் கையோடு நின்று கேட்டால் அன்றைக்கு நீ ஜெயித்தாய்.

3. சினிமா வந்தால் பாடு, வராவிட்டால் மேடையைப் பார்.

டில்லி ஓபராய் ஓட்டலில் தீதி பாடிக்கொண்டிருந்தபோது சசி கபூர் இருந்த சினிமாக் குழு கேட்டது. அப்படித்தான் 1970-ல் ‘பாம்பே டாக்கீ’ வந்தது. சங்கர் ஜெய்கிஷன் இசை. அடுத்து ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’. அதில் நாடே முணுமுணுத்த ஒரு பாட்டில் தானும் பாடுவதாக இருந்தது, கடைசியில் ஆஷா போன்ஸ்லேயிடம் போய்விட்டது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பப்பி லஹிரி 1980-லிருந்து வரிசையாகக் கூப்பிட்டார். ‘ப்யாரா துஷ்மன்’, ‘அர்மான்’, ‘டிஸ்கோ டான்சர்’. தமிழில் 1975-ல் ‘மேல்நாட்டு மருமகள்’ படத்தில் திரையிலேயே தோன்றிப் பாடினார். 1990-ல் இளையராஜா இசையில் ‘அஞ்சலி’. பிறகு ‘மன்மதன் அம்பு’வில் மாதவனுக்கு அம்மாவாக நடித்தும் பார்த்துவிட்டார்.

கூட்டிக் கழித்துப் பார். இத்தனை வருஷத்தில் அவர் சினிமாவில் பாடியவை, அந்தக் காலத்துப் பெரிய பின்னணிப் பாடகிகள் சில மாதங்களில் பாடி முடித்த அளவுகூட இருக்காது. பின்னணிப் பாட்டுக்காக ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது 2012-ல், ‘7 கூன் மாஃப்’ படப் பாட்டுக்கு, ரேகா பரத்வாஜோடு சேர்த்து. முதல் சினிமாப் பாட்டுக்கும் அதற்கும் நாற்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி. அந்த நாற்பது வருஷமும் வீட்டு வாடகை யார் கொடுத்தது? மேடைதான். ஒரு சினிமாப் பாட்டு ஓடினால் அதை விசிட்டிங் கார்டு போல எடுத்துக்கொண்டு நூறு மேடைக்குப் போகலாம். அந்தப் பயன் பெரிது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கார்டு அச்சடிக்கக் காத்திருந்து கடையைத் திறக்காமல் இருக்காதே.

4. ஒரே மாதிரி உடுத்து.

அடையாளம் வேண்டும். தீதியின் காஞ்சிபுரம் புடவையும் நெற்றியில் வங்காள ‘க’ எழுதிய பெரிய பொட்டும் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியும். புடவைத் துணியிலேயே தைத்த ஸ்னீக்கர் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். அதில் ஸ்டைல் பாதி, முதுகுவலிக்கு வைத்தியம் பாதி என்பது என் ஊகம். ஹை ஹீல்ஸில் மூன்று மணி நேரம் நின்று பாடப் போகிற பெண் பிள்ளைகள் யோசித்துக்கொள்ளுங்கள்.

5. கிடர்பூரில் பிறந்த அதிர்ஷ்டத்தை வீணாக்காதே.

வாட்கஞ்சிலிருந்து கார்டன் ரீச் வரைக்கும் ஒரு நடை நட. உருது, போஜ்புரி, வங்காளி, ஒடியா, தெலுங்கு, நம் தமிழ் எல்லாம் காதில் விழும். 1892-ல் டாக் திறந்ததிலிருந்து கப்பல் கூலிக்கு வந்தவர்கள் ஒரு பக்கம். கார்டன் ரீச்சில் பெங்கால் நாக்பூர் ரயில்வே தலைமை ஆபீஸ் இருந்ததால் குமாஸ்தா வேலைக்கு வந்த நம்மவர்கள் இன்னொரு பக்கம். இந்தக் கரையிலிருந்துதான் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றினார்கள். சூரினாம், டிரினிடாட் போன அந்த போஜ்புரிக் குடும்பங்கள் அங்கே போய் டோலக்கைத் தட்டி, பிற்பாடு சட்னி இசை என்று ஒரு பாப் வகையையே உண்டாக்கிவிட்டன. ஃபேன்ஸி மார்க்கெட்டில் கப்பல் சரக்கோடு வந்த கேசட்டில்தான் எங்கள் தலைமுறை வெளிநாட்டுப் பாட்டைக் கேட்டது. இவ்வளவு சொத்தை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு, இரண்டு பாஷையில் மட்டும் பாடுகிறேன் என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

கௌஹர் ஜான் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் ரெக்கார்டு கொடுத்தார். தீதி பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடுகிறார். நைரோபி போனபோது ஸ்வாஹிலியில் ‘மலைகா’ பாடினார். கென்ய அதிபர் ஜோமோ கென்யாட்டா அவருக்குக் கௌரவக் குடியுரிமையே கொடுத்தார்.

இப்போது அந்தத் தூரதேசத்துப் பையன். மாசிடோனியா என்று ஒரு நாடு, இப்போதைய பெயர் வடக்கு மாசிடோனியா. மொத்த ஜனமே சுமார் இருபது லட்சம். நம் கல்கத்தாவுக்குள் இரண்டு மூன்று தடவை அடக்கிவிடலாம். அங்கே மலைமேல் க்ருஷெவோ என்று சின்ன ஊர். தோஷே ப்ரொயெஸ்கி அங்கே வளர்ந்தவன். 1981-ல் பிறந்தவன். தன் மொழியில் மட்டும் பாடியிருந்தால் அந்த இருபது லட்சத்தோடு கதை முடிந்திருக்கும். செர்பிய மொழியிலும் குரோஷிய மொழியிலும் அதே பாட்டுகளைப் பாடி வெளியிட்டான். யுகோஸ்லாவியா உடைந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட பிரதேசம் அது. எல்லைக்கு இரண்டு பக்கமும் இவன் பாட்டை வாங்கினார்கள். அத்தோடு விடாமல் 2006-ல் தன் நாட்டுப் பழைய நாட்டுப்பாடல்களை மட்டும் தொகுத்து ஒரு ஆல்பம் போட்டான். அக்கம்பக்கத்து பாஷை பேர் வாங்கிக் கொடுக்கும். வீட்டு பாஷையில் பாடும்போதுதான் உன் வேர் தெரியும். நீங்கள் தமிழ்ப் பாட்டில் உச்சரிப்பைக் கோட்டை விடுகிறீர்கள். ழகரம் வரவில்லை என்று கல்கத்தாவில் பிறந்ததைக் காரணம் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று: புரியாத பாஷையில் பாடும்போது அந்தப் பாஷைக்காரர் ஒருவரை எதிரில் உட்கார வைத்துத் திருத்து. எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிப்பவனை அந்த ஊர்க்காரன் முதல் வரியிலேயே கண்டுபிடிப்பான்.

6. மூன்று நிமிஷத்தில் முடி.

லண்டனிலிருந்து கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்து 1902 நவம்பரில் ஒரு ஓட்டல் அறையில் குழல் வாயை நட்டு வைத்தார். அதற்குள் தலையை விட்டுக் கத்த வேண்டும். பெரிய உஸ்தாதுகள் பலர் முகம் சுளித்தார்கள். ராத்திரி முழுக்கப் பாட வேண்டிய ராகத்தை மூன்று நிமிஷத்தில் எப்படிப் பாடுவது? கௌஹர் ஜான் பாடிக் காட்டினார். ஆலாபனையைக் கிள்ளி எடுத்து, பல்லவியை நிறுத்தி, வேகமான பிடிகளை அடுக்கி, தட்டு ஓடி முடிவதற்குள் கட்டினார். கடைசியில் ஆங்கிலத்தில் தன் பெயரையும் சொன்னார். தட்டை அச்சடிப்பது ஜெர்மனியில். அங்கே இருப்பவனுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே, அதற்காக.

இன்றைக்கு உங்களுக்கு மூன்று நிமிஷம்கூடக் கிடையாது. போனில் முப்பது வினாடியில் விரலால் தள்ளிவிடுகிறான். முன்னிசையை நீட்டாதே. அப்புறம், பாடி முடித்ததும் உன் பெயரைத் தெளிவாகச் சொல். மேடையில் எத்தனையோ பேர் நன்றாகப் பாடுகிறார்கள். யார் பாடியது என்று கீழே இருப்பவனுக்குத் தெரிவதில்லை. அறிவிப்பாளர் சொல்வார் என்று நம்பாதே. அவர் உன் பெயரைத் தப்பாகத்தான் சொல்வார்.

7. டிவி போட்டியில் தோற்றால் அழு, மறுநாள் ரிகர்சலுக்கு வா.

முர்ஷிதாபாத் ஜியாகஞ்சிலிருந்து ஒரு பையன் 2005-ல் ‘ஃபேம் குருகுல்’ போட்டிக்குப் போய் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேறினான். அரிஜித் சிங். அவன் பாட்டு நாடெல்லாம் ஒலிக்க 2013 ஆயிற்று. நடுவில் சும்மா இருக்கவில்லை, இசையமைப்பாளர்களிடம் உதவியாளனாக ஸ்டுடியோவில் உட்கார்ந்து வேலை கற்றான். நான் சொன்ன மாசிடோனியப் பையனும் 2004-ல் இஸ்தான்புல்லில் யூரோவிஷன் போட்டியில் 14-ஆம் இடம்தான். ஊரில் அவன் மவுசு குறையவில்லை. அன்றைக்கு ஜெயித்தவர்கள் பட்டியலை நான் உனக்குச் சொல்லப் போவதில்லை, நீயும் கேட்க மாட்டாய்.

8. ஒரு நாள் உன்னைக் ‘கெட்ட கலாசாரம்’ என்பார்கள். அதற்கு ஆவணம் வைத்திரு.

1983-ல் நடந்தது. அப்போது இடதுசாரி அரசில் பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி. தீதியின் பாட்டு அபசம்ஸ்கிருதி, இளைஞர்களைக் கெடுக்கிறது என்று சொல்லி அரசு அரங்கில் பாட இடம் கிடையாது என்றார். ஊர் இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. நம் வீடுகளிலும் நடந்தது. பட்டுப் புடவையில் பாப் பாடுகிறாளே என்று மூக்கைச் சுளித்த மாமிகள் ஒருபுறம், பாடட்டுமே என்ற பெண்கள் ஒருபுறம். தீதி ஊர்வலம் போகவில்லை, அறிக்கை விட்டுக்கொண்டிருக்கவில்லை. கல்கத்தா ஹைகோர்ட்டுக்குப் போனார். ஜெயித்தார். பிற்பாடு இதே ஊர் அவரைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண்.

ஆனால் இதில் நான் உங்களுக்குச் சொல்ல வருவது வீரம் பற்றி இல்லை. அரங்குக்கு விண்ணப்பம் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கி வை. அனுமதி வாயால் வந்தால் எழுத்தில் கேள். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்து விதி. பண்டிகைக்காகச் சில நாள் மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தும். பாரா (பேட்டை) கமிட்டிப் பையன்கள் ‘நாங்க பாத்துக்கறோம் தாதா’ என்பார்கள். போலீஸ் வந்து மிக்சரைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர்களைத் தேட வேண்டியிருக்கும்.

தடை என்பது அமைச்சர் வாயிலிருந்து மட்டும் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் பார்க் ஸ்ட்ரீட்டின் நேரடி இசையை யாரும் மேடை போட்டுக் கண்டிக்கவில்லை. கேளிக்கை வரியும் மின்வெட்டும் ஊரின் கலவரமும் சேர்ந்து நசுக்கின. ஓட்டல் முதலாளி கணக்குப் பார்த்தார், பாண்டு குழுவை நிறுத்தினார். பாதிப் பேர் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். ஒரே முதலாளியை நம்பி இருக்காதே என்று நான் சொல்வது இதனால்தான். ஓட்டல் ஒன்று, பள்ளிக்கூட விழா ஒன்று, விளம்பர ஜிங்கிள் ஒன்று, பிள்ளைகளுக்கு வகுப்பு ஒன்று என்று வருமானத்துக்கு நாலு வாசல் வை.

9. பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படாதே.

கௌஹர் ஜான் முதல் ஒலிப்பதிவுக்கே மூவாயிரம் ரூபாய் கேட்டு வாங்கியதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து மூவாயிரம். போஸ்ட்கார்டில் படம், தீப்பெட்டியில் படம், குதிரை பூட்டிய சாரட்டு. அவ்வளவும் வந்தது. கூட இருந்தவர்களோடு வழக்கு, சொத்து வழக்கு என்று கோர்ட்டிலேயே கரைந்தது. 1928-ல் மைசூர் அரண்மனையில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1930 ஜனவரியில் அங்கேயே காலமானார். இந்தியாவில் ரெக்கார்டு விற்று முதல் நட்சத்திரம் ஆனவர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவர் கதை அப்படி முடிந்தது. அவருக்கு வருமானம் குறைவாக இருந்ததே இல்லை. கணக்கை அவர் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை.

அதனால்: அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்காதே. மீதியை மேடை ஏறுவதற்கு முன்னால் வாங்கு. பாடி முடித்த பிறகு கமிட்டிப் பொருளாளர் எங்கே போவார் என்று அவருக்கே தெரியாது. வாத்தியக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியதை அன்று ராத்திரியே கொடு. உன் பாக்கி வராவிட்டாலும் அவர்களுக்குக் கொடு. பேஸ் கிட்டார்க்காரன் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

சொந்தப் பாட்டு ஒலிப்பதிவு செய்தால் கையெழுத்துப் போடும் முன் தாளைப் படி. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாடலாசிரியர், இசையமைப்பாளரோடு பாடகருக்கும் ராயல்டியில் உரிமை கொடுத்தார்கள். அதைக் கேட்டு வாங்கச் சங்கம் இருக்கிறது. உறுப்பினராகச் சேர்ந்துகொள். மேடையில் மற்றவர் பாட்டைப் பாடும்போது அதற்கான லைசென்ஸ் கட்டணம் விழா நடத்துகிறவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடு.

10. சவுண்டுக்காரனோடு சண்டை போடாதே.

நிகழ்ச்சிக்கு முன்பே போய் அவனோடு டீ குடி. மானிட்டரில் உன் குரலும் கீபோர்டும் கேட்டால் போதும், டிரம்ஸ் வேண்டாம் என்று சொல். எக்கோவைக் கூட்டச் சொல்லிக் கெஞ்சாதே. சுதி தப்புவதை எக்கோ மறைக்காது, இரண்டு தடவை சொல்லும்.

11. தொண்டை.

தூக்கம், தண்ணீர், பேச்சைக் குறைப்பது. மற்ற கஷாயமெல்லாம் அம்மா திருப்திக்கு.

12. பழைய பாட்டை வெறுக்காதே.

தீதியிடம் போய் எந்த ஊரிலும் கேட்பது எண்பதுகளின் அதே இரண்டு மூன்று டிஸ்கோப் பாட்டுதான். எத்தனை ஆயிரம் தடவை பாடியிருப்பார்! முகத்தில் சலிப்புத் தெரிந்ததில்லை. எதிரில் இருப்பவன் அன்றைக்குத்தான் முதல் தடவை நேரில் கேட்கிறான் என்பதை அவர் மறப்பதில்லை. உனக்கு ஒரு பாட்டு ஓடினால் ஆயுளுக்கும் அதைப் பாடத் தயாராக இரு. அது பிடிக்காது என்றால் பிடிக்காத பாட்டை முதலிலேயே பாடாதே.

13. ராத்திரியில் ஊர் திரும்பாதே.

குளிர்காலம் வந்துவிட்டால் மேதினிபூர், பாங்குரா, முர்ஷிதாபாத் என்று மாச்சா சீசன். ராத்திரி ஒரு மணிக்கு நிகழ்ச்சி முடியும். மறுநாள் இன்னொரு ஊர். டிரைவர் மூன்று நாளாகத் தூங்கியிருக்க மாட்டான். பனி வேறு. லாரி விளக்குப் போடாமல் ஓரமாக நிற்கும்.

தோஷே ப்ரொயெஸ்கி 2007 அக்டோபர் 5-ஆம் தேதி ஸ்கோப்யே ஸ்டேடியத்தில் பள்ளிக்கூடங்களுக்கு நிதி திரட்ட ஒரு பெரிய கச்சேரி பாடினான். பதினொரு நாள் கழித்து, இரவெல்லாம் ஓடிய கார் விடியற்காலையில் குரோஷிய நெடுஞ்சாலையில் ஒரு லாரியில் மோதியது. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவன் அப்படியே போனான். வயது இருபத்தாறு. அந்தச் சின்ன நாடு முழுக்கத் துக்கம் அனுசரித்தது, அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். நான் கூட வாசித்தவர்களிலும் இப்படிப் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு அரசு மரியாதை இல்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் பாட்டுச் சம்பளத்துக்குக் கீழே இதையும் எழுதிக்கொள்: நிகழ்ச்சி முடிந்ததும் அந்த ஊரிலேயே தங்க அறை, ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. டிரைவருக்கும் கட்டில், அவன் வண்டியில் படுக்கக் கூடாது. காலையில் டீயும் லூச்சி ஆலுதொம்மும். எட்டு மணிக்கு முன் வண்டி எடுக்கப்படமாட்டாது. கமிட்டிக்காரர்கள் இந்த வரியைத்தான் முதலில் அடிக்கச் சொல்வார்கள். சம்பளத்தில் ஐநூறு குறைத்துக்கொண்டாலும் இதை அடிக்க விடாதே.